‘பாசனம்’ என்னும் ஒரு சொல்: பெரியாற்று இஜாராவும் 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

ஓர் ஆவணத்தில் எழுதப்பட்ட ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்பதற்காக இரண்டு அரசாங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய வரலாறு நம் மதுரைச் சீமைக்கு உண்டு. அச்சொல் ‘பாசனம்’. வழக்காடியோர் சென்னை மாகாண அரசினரும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தாரும். வழக்குக்கு மூலமாய் நின்றது, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கையொப்பமான பெரியாற்று ஏரிக் குத்தகைப் பத்திரம். முல்லைப் பெரியாறு என்றதும் அணையின் உயரமும் அதன் உறுதியுமே இன்று எவர் நினைவுக்கும் வருகின்றன. அந்தப் பூசலுக்கு நெடுநாள் முன்னரே நடந்து முடிந்த இப்பழைய வழக்கை மதுரையிலேயே பலர் அறியார். அறிந்த சிலரும், ‘அது நாம் தோற்ற வழக்கு’ என்று பெருமூச்சுடன் ஒதுக்கி விடுகின்றனர். தோற்றோம் என்பது உண்மை. அத்தோல்வியால் நாம் இழந்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே.

இவ்வழக்கை நம் ஃபிக்ஹு நூல்களின் துணையோடு அணுகுவது பொருத்தமாக இருக்கும். அந்நூல்களில் ‘இஜாரா’ என்றொரு பாடம் உண்டு. வீட்டை வாடகைக்கு விடுதல், நிலத்தைக் குத்தகைக்கு விடுதல், சுமை தூக்க ஒட்டகத்தை அமர்த்துதல், தையற்காரனைக் கூலிக்கு அமர்த்துதல் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பாடத்தில் அடங்கும். வீடும் மனிதனும் எப்படி ஓரினம் ஆகும் என்று புதிதாய் ஓதும் மாணவர் மலைப்பதுண்டு. இமாம்கள் தரும் விடை எளியது. இஜாராவில் விற்கப்படுவது பொருளே அன்று. அப்பொருளால் விளையும் ‘மன்ஃபஅத்’, அதாவது பயன். வீட்டின் பயன் குடியிருப்பு. தையற்காரனின் பயன் அவன் கைத்திறன். ஆதலின் இஜாரா பற்றிய வழக்கு எதுவாயினும் காஸியார் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, விற்கப்பட்ட பயன் எது என்பதே. பெரியாற்று வழக்கிலும் கேள்வி அதுவே.

இனி, அந்தக் குத்தகை எங்ஙனம் பிறந்தது என்பதைப் பார்ப்போம். மேற்கு மலைத் தொடர் தென்மேற்குப் பருவக் காற்றைத் தடுத்துத் தன் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டச் செய்து விடுகிறது. கிழக்கே இருக்கும் மதுரைச் சமவெளிக்கு எஞ்சுவது வடகிழக்குப் பருவத்தின் சில வாரத்து மழையும், ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் வைகையுமே. மலையின் அப்புறத்தில் பெரியாறு பெருகி அரபிக் கடலில் வீணே கலப்பதை நம் முன்னோர் காணாதிருந்தாரில்லை. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, அந்நீரைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று கண்டுவர ஆட்களை மலைக்கு அனுப்பினார். பணமின்மையால் அம்முயற்சி நின்றது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் நேரிற் சென்று ஆராய்ந்து, இது வெறும் கனவு, இனிப் பேசத்தக்கதன்று என்ற கருத்தில் அறிக்கை தந்தார். 1850இல் கேப்டன் ஃபேபர் சிறியதோர் அணையைத் தொடங்கினார்; மலைக்காய்ச்சல் கூலியாட்களை விரட்டிவிட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தீட்டினார். அது கோப்பிலே தங்கிவிட்டது.

கோப்பைத் திறக்க வைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையை நம் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்ட தலைமுறை ஒன்று அண்மைக் காலம் வரை வாழ்ந்தது. அப்பஞ்சத்திற்குப் பின்னர்ச் சென்னை அரசு பெரியாற்றைக் கனவென்று ஒதுக்க இயலவில்லை. 1882இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே உயரமான அணை கட்டி, நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே விழச் செய்வது அவரது திட்டம்.

திட்டம் ஆயத்தமாயிற்று, இடம் சென்னை அரசுடையதன்று. அணை எழ வேண்டிய இடமும் நீர் தேங்க வேண்டிய காடும் திருவிதாங்கூரின் ஆளுகையில் இருந்தன. ஆகவேதான் பத்திரம் தேவைப்பட்டது. ஒரு பக்கம் இந்தியாவை ஆளும் பேரரசின் செயலர். மறு பக்கம் அப்பேரரசுக்கு ஆண்டுதோறும் கப்பம் செலுத்தும் சமஸ்தானம். மகாராஜா தம் இதய ரத்தத்தால் இதில் ஒப்பமிடுவதாகக் கூறினார் என்றொரு கதை மலையாள நாட்டில் வழங்குகிறது. அவ்வாறு கூறியவராகச் சொல்லப்படும் விசாகம் திருநாள் 1885இலேயே மறைந்தார். பத்திரம் கையொப்பமானது மூலம் திருநாள் ஆட்சியில். சமஸ்தானத்தின் சார்பில் ஒப்பமிட்டவர் திவான் ராமய்யங்கார். கதை காலக் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஆனால் அக்கதை எந்த மனப்புண்ணிலிருந்து பிறந்ததோ அது பொய்யன்று. சமநிலையில் அமர்ந்து பேசிய பேரம் அல்ல அது.

பத்திரத்தின் சாரம் இது. அணை கட்டும் இடத்தில் ஆற்றுப் படுகையின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஒரு மட்டக் கோடு வரைந்தால், அதற்குள் அடங்கும் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்படுகிறது. கட்டுமானப் பணிகளுக்கென மேலும் 100 ஏக்கர் வரை. காலம், 1886ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி 999 ஆண்டுகள். அதன் பின்னரும் குத்தகைதாரர் விரும்பினால் இன்னொரு 999 ஆண்டு. குத்தகைப் பணம் ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். அதுவும் சமஸ்தானம் செலுத்த வேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்படும். இறையாண்மை திருவிதாங்கூரிடமே இருக்கும்.

ஹனஃபி இமாம்கள் வக்ஃபு நிலத்தை மூன்றாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடலாகாது என்று வரம்பு கட்டியது ஈண்டு நினைவுக்கு வருகிறது. நெடுங்காலம் அனுபவித்தவனை ஊரார் உடைமையாளன் என்றே எண்ணத் தொடங்கிவிடுவர் என்பது அவர்கள் அச்சம். ஷாஃபிஈ நூல்கள் சற்றுத் தாராளமானவை. பொருள் எத்துணைக் காலம் நிலைத்திருக்குமோ அத்துணைக் காலத்துக்கு இஜாரா செல்லும் என்பர். நிலத்துக்கு நூறாண்டும் அதற்கு மேலும் கூடும் என்பர். 999 ஆண்டு என்னும் எண்ணை அந்த இமாம்கள் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! ஆங்கிலேயச் சட்ட மரபில் அது வழக்கமான எண்தான்.

வழக்குக்கு இடம் தந்த வாசகத்துக்கு வருவோம். பத்திரம் ஒரு கையால் மிகத் தாராளமாக வழங்குகிறது. அந்த நிலத்தினுள் வரும் நீர், அதன் வழியே ஓடும் நீர், அதன்மேல் பாயும் நீர், அதிலிருந்து வெளியேறும் நீர் ஆகிய எல்லாவற்றையும் குத்தகைதாரர் எடுத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கலாம்; மரம் வெட்டலாம்; நடமாட உரிமையுண்டு. ஆனால் மற்றொரு கையால் ஓர் எல்லை வகுக்கிறது. குத்தகைதாரர் அங்கே கட்டவும் தனியுரிமையோடு பயன்படுத்தவும் கூடியவை எவை என்று சொல்லுமிடத்தில், பாசன வேலைகளும் அவற்றைச் சார்ந்த பிற வேலைகளும் என்கிறது. நீரெல்லாம் உன்னுடையது என்பது ஒரு வாசகம். பாசனத்துக்காக என்பது மற்றொரு வாசகம். எது எதை ஆளும்?

நாற்பதாண்டு காலம் இக்கேள்வியை எவரும் எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவையும் நேரவில்லை. 1887இல் தொடங்கிய அணை வேலை, வெள்ளத்தையும் மலைக்காய்ச்சலையும் தாண்டி முடிந்து, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. சுரங்கத்தை விட்டு வெளிப்பட்ட நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. வழியிலே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளில் ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நன்செய் ஆயிற்று. கீழே பேரணையிலிருந்து பிரிந்த பெரிய கால்வாய் நிலக்கோட்டை, மதுரை வட்டங்களைக் கடந்து மேலூர் வரை சென்றது. மானாவாரியாய்க் கிடந்த செம்மண்ணில் நெல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ராவுத்தர் குடும்பங்கள் நிலத்திலும் வாணிபத்திலும் தழைத்ததில் இந்நீருக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது அந்த நஞ்சை வளத்தின் மண்ணிலேதான்.

பின்னர் உலகில் ஒரு புதுமை வந்தது. பத்திரம் எழுதப்பட்ட 1886இல் இந்திய மண்ணில் நீர்மின் நிலையம் என்று ஒன்றும் இல்லை. டார்ஜிலிங்கில் சிறியதொன்று 1897இல் வந்தது. மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரம் 1902இல். சென்னை மாகாணத்தில் பைக்காரா 1930களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியதும், மின்சாரத்தின் சுவையை மாகாணம் அறிந்தது. மதுரையில் ஹார்வி ஆலையும் மீனாட்சி ஆலையும் நூல் நூற்றுக்கொண்டிருந்தன. மின்சாரத்துக்குத் தேவை பெருகிக்கொண்டிருந்தது. அந்நிலையில் பொறியாளர்களின் பார்வை பெரியாற்றுச் சுரங்கத்தின் கிழக்கு வாயில் மேல் விழுந்ததில் வியப்பில்லை. மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவாரம் வரை நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு நீர் சும்மா விழுந்துகொண்டிருந்தது. அதனைக் குழாயில் அடைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால் மின்சாரம் கிடைக்கும். சுழற்றிய பின் அதே நீர் வயலுக்குப் போகும்.

திருவிதாங்கூர் மறுத்தது. நாங்கள் பாசனத்துக்குத் தந்தோம், மின்சாரத்துக்குத் தரவில்லை என்றது. திருவிதாங்கூரும் அப்போது பள்ளிவாசலில் தன் சொந்த நீர்மின் நிலையத்தை அமைக்க முனைந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது. மலைநீரின் விலையை அது அறிந்திருந்தது.

வழக்கு எந்த மன்றத்துக்குச் செல்லும்? சமஸ்தானம் மாகாணத்தின் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று. மாகாணமும் சமஸ்தான நீதிமன்றத்தில் போய் நிற்காது. பத்திரமே இதற்கொரு வழி வைத்திருந்தது. இருசாராரும் ஆளுக்கொரு நடுவரை நியமிக்க வேண்டும். அவ்விருவரும் ஒன்றுபடாவிடில் மேல்நடுவர் ஒருவர் முடிவு சொல்வார். கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக வைக்குமாறு சூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனம் பணிப்பதை அறிவோம். ‘தஹ்கீம்’ என்னும் இம்முறை இஸ்லாமிய அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. கி.பி. 657இல் ஸிஃப்பீன் களத்துக்குப் பின் ஹஸ்ரத் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி), ஹஸ்ரத் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) ஆகிய இருவரும் நடுவராயினர். அங்கே இருவருக்கும் மேலாக மூன்றாமவர் ஒருவர் வைக்கப்படவில்லை. பெரியாற்றுப் பத்திரத்தில் அந்த மூன்றாமவர் இருந்தார். இறுதியில் அவரே முடிவு சொல்ல நேர்ந்தது.

சென்னை அரசு நியமித்த நடுவர் சர் டேவிட் தேவதாஸ். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். திருவிதாங்கூர் நியமித்தவர் அதன் முன்னாள் திவான் வி. எஸ். சுப்பிரமணிய ஐயர். எதிர்பார்த்தபடியே இருவரும் ஒன்றுபடவில்லை. வழக்கு மேல்நடுவரான சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. அவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக அந்நாளில் விளங்கியவர் சர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர், சமஸ்தானத்துக்காகத் தாமே நின்று வாதாடினார். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அதே சி.பி., 1920களில் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரலாகவும் பின்னர் அதன் சட்ட உறுப்பினராகவும் இருந்தவர். பைக்காரா மின்திட்டத்துக்கு ஊக்கமளித்தவர். சென்னைக்கு நீர்மின்சாரத்தின் அருமையைக் கற்பித்தவரே, இப்போது சென்னையின் நீர்மின்சாரத்தைத் தடுக்க வாதாடினார். வழக்கறிஞர் தொழிலில் இது குற்றமன்று.

சென்னைத் தரப்புக்கு வலுவான நியாயங்கள் இருந்தன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் முழுவதும் ஏற்கெனவே அதற்கு வழங்கப்பட்டுவிட்டது. மின்நிலையம் எழவிருந்த இடம் சுரங்கத்தைத் தாண்டிச் சென்னை மாகாண மண்ணில். மின்சாரம் எடுத்தால் ஒரு துளி நீரும் குறையாது. திருவிதாங்கூர்க் காட்டில் ஓரடியும் கூடுதலாக மூழ்காது. விழும் நீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நேரான ஒரு மஸ்அலாவே உண்டு. நம் நாட்டு மதரஸாக்களில் ஓதப்படும் குதூரியின் முக்தஸரில், கோதுமை ஏற்றுவதற்கென்று ஒருவன் ஒட்டகத்தை வாடகைக்கு எடுத்தால் அதே அளவு வாற்கோதுமையோ எள்ளோ ஏற்றலாம் என்றும், உப்போ இரும்போ ஏற்றலாகாது என்றும் சொல்லப்பட்டுள்ளது. சொன்ன சுமைக்கு நிகரான அல்லது அதனிலும் குறைந்த தீங்கு விளைவிப்பது ஆகும். மிகுந்த தீங்கு விளைவிப்பது ஆகாது. ஷாஃபிஈ நூல்களும் கோதுமை விதைக்கக் குத்தகை எடுத்த நிலத்தைப் பற்றி இதே அளவுகோலையே கூறுகின்றன. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மின்சாரம் வாற்கோதுமையே, இரும்பன்று. குதூரியை ஓதிய ஒரு காஸியார் மேல்நடுவராக அமர்ந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கவும் கூடும்.

ஆனால் அதே ஃபிக்ஹிலிருந்து எதிர்வாதமும் எழுகிறது. உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தெத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் மூன்றாம் விதி, ஒப்பந்தங்களில் சொல்லின் வடிவத்தைக் காட்டிலும் கருதிய பொருளையும் நோக்கத்தையுமே மதிக்கவேண்டும் என்ற கருத்துடையது. 1886இல் இரு சாராரும் கருதியது என்ன? பஞ்சத்தில் வாடிய சமவெளிக்குப் பாசன நீர். அந்த நோக்கத்தை முன்னிட்டே பேரம் நடந்தது. அதற்கே ஏக்கருக்கு ஐந்து ரூபாய் விலையாயிற்று. மின்சாரம் என்னும் பயனை அன்று விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். விலை பேசப்படாத ஒரு பயன் விற்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? இஜாராவில் பயன் இன்னதென்று அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது எல்லா மத்ஹபுகளும் ஒத்துக்கொண்ட நிபந்தனை. ஒட்டகத்தின் மேல் வாற்கோதுமை ஏற்றுவது அறிந்த பயனின் ஒரு வகை. நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பது புதியதொரு பயன். இவ்விரண்டு வாதங்களில் பின்னதே வலிமையுடையது என்பது என் கருத்து. மதுரைக்காரன் இதைச் சொல்வது கசப்பானதே. ஆயினும் பத்திரத்தில் ‘பாசனம்’ என்று எழுதிப் பெற்றுக்கொண்டு, பின்னர் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை என்று வாதிடுவது தகாது.

1941ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் மேல்நடுவர் தம் முடிவை வழங்கினார். நீரைப் பாசனத்துக்கும் அதைச் சார்ந்தவற்றுக்குமே சென்னை அரசு பயன்படுத்தலாம். மின்சாரம் எடுக்கும் உரிமை பத்திரத்தில் இல்லை. சென்னை தோற்றது. பேரரசின் சார்பில் எழுதி வாங்கிய பத்திரமே பேரரசின் மாகாணத்தைக் கட்டிப்போட்டது.

மதுரை வயல்களுக்கு இத்தீர்ப்பு எவ்வகையிலும் தீங்கு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயலுக்கும் மின்நிலையத்துக்கும் நீர் வேண்டும் காலம் ஒன்றன்று. உழவனுக்கு நாற்றங்காலிலிருந்து கதிர் முற்றும் வரை நீர் வேண்டும், அறுவடையில் வேண்டாம். மின்சாரத்துக்கோ ஆண்டு முழுதும் சீராக ஓடவேண்டும். கீழே நீரைத் தேக்க வேறோர் அணை இல்லாதவரை, மின்சாரத்துக்கென்று விட்ட நீர் பயிரில்லாக் காலத்தில் வைகை மணலில் வீணாகியிருக்கும். ஆண்டிப்பட்டி அருகே வைகை அணை 1959இல் திறக்கப்பட்ட பின்னரே, மின்நிலையத்தை விட்டு வரும் நீரைப் பிடித்து வைத்து வேண்டும்போது விட வழி பிறந்தது. அதற்கு முன் 1930களிலேயே மின்நிலையம் வந்திருந்தால் மேலூர் வாய்க்காலின் கடைமடைக்காரன் என்ன பாடுபட்டிருப்பான் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நாடு விடுதலை பெற்றது. திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்து, 1956இல் கேரளம் ஆயிற்று. தீர்ப்பு தடுத்ததை இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொண்டன. ‘ஸுல்ஹு’ என்னும் சமாதானமே மேலானது என்று திருமறை அறிவுறுத்துவது இல்லறத்தைப் பற்றி. அரசுகளுக்கும் அது பொருந்தும் போலும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் 140 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் 1958 முதல் படிப்படியாக ஓடத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், மு. கருணாநிதி தமிழக முதல்வராகவும் சி. அச்சுத மேனன் கேரள முதல்வராகவும் இருந்த காலத்தில், இரண்டு துணை ஒப்பந்தங்கள் கையொப்பமாயின. குத்தகை ஏக்கருக்கு ஐந்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாய் ஆயிற்று. முப்பது ஆண்டுக்கொரு முறை அதனைத் திருத்தவும் இடம் வைக்கப்பட்டது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம்: 8,760 யூனிட் கொண்ட ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய், ஆண்டு உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு 18 ரூபாய். மின்சார ஒப்பந்தம் 1954ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது.

இக்கட்டணம் மிகக் குறைவென்று கேரளத்தார் குறை கூறுவதுண்டு. கட்டணம் கூடுதலா குறைவா என்பது வேறு பேச்சு. நாம் கவனிக்க வேண்டியது, இப்படியொரு ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை. 1941இல் சென்னை வென்றிருந்தால் மின்சாரத்துக்கு எவர் இசைவும் வேண்டியிருக்காது. துணை ஒப்பந்தமும் பிறந்திருக்காது. தோற்றதனால்தான் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டதனால்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் ஒரு மாநில அரசு, அயலாட்சிக் காலத்துப் பழைய பத்திரத்தை ஏற்று, அதன்மேல் தானும் ஒப்பமிட்டது.

இதன் விலை 2014இல் தெரிந்தது. இடையில் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1979இல் அணையின் உறுதி பற்றி ஐயம் கிளப்பப்பட்டு நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்குத் தாழ்த்தப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்ட பின் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் கூறியது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் தேக்கலாகாதென்று சட்டம் திருத்தியது. தமிழ்நாடு மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கில் அணையின் உறுதியோடு பத்திரத்தின் உயிரும் வாதத்துக்கு வந்தது. 1947இல் பேரரசின் மேலாண்மை சமஸ்தானங்கள் மீதிருந்து நீங்கியபோது, இந்திய சுதந்திரச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகள் யாவும் காலாவதியாயின. ஆகவே 1886ஆம் ஆண்டுப் பத்திரமும் செத்தது என்று கேரளம் வாதிட்டது. எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. சமமற்ற இருவரிடையே எழுதப்பட்ட பத்திரம், எழுதிய பேரரசோடு மறைந்தால் என்ன என்று கேட்பவரைப் பழிக்கவும் இயலாது.

ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன ஆயம் 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஆர். எம். லோதா. கேரளத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் செல்லாதென்று தள்ளப்பட்டது. 1886ஆம் ஆண்டுப் பத்திரம் அரசியல் உடன்படிக்கை அன்று, சாதாரணக் குத்தகை ஒப்பந்தமே. ஆதலின் சுதந்திரச் சட்டத்தால் அது மறையவில்லை என்று ஆயம் கண்டது. அதனோடு 1970ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தங்களையும் எடுத்துக்காட்டி, கேரளமே பழைய பத்திரத்தை உறுதிசெய்து விட்டதென்றும் கூறியது. உயர்த்திய குத்தகையைப் பெற்றுக்கொண்டு, மின்சாரக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு, மூலப் பத்திரம் இல்லையென்பது ஏற்புடையதாகவில்லை.

அணையின் கீழே இடுக்கி மாவட்டத்தில் வாழும் மக்களின் அச்சத்தை இந்தச் சட்டக் கணக்குகளால் மட்டும் தீர்த்துவிட இயலாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 1895இல் கட்டப்பட்ட அணைக்குக் கீழே உறங்குபவனுக்கு 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆறுதல் தராது. நீதிமன்றமும் அதை உணர்ந்தே, நீர்மட்டம் உயரும்போது அணையைக் கண்காணிக்க மூவர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்றை அமைக்கப் பணித்தது; மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதி தலைவர், இரு மாநிலங்களிலிருந்தும் ஆளுக்கொருவர் உறுப்பினர். அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பெரியாற்று ஏரியில் நீர் 142 அடியைத் தொட்டது.